தாயத்து கட்டினால் இன்டரப்ட் அடங்காது

லினக்ஸ் போட்ட கணினி ஒன்று பாதி பூட் ஆகி நின்றுவிடுகிறது. அல்லது நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, பத்தாவது நிமிடத்தில் நெட்வொர்க் செத்துப்போகிறது. மவுஸ் நொண்டி நொண்டி நகர்கிறது. பாட்டு விக்கி விக்கிப் பாடுகிறது. கெர்னலின் செய்திகளில் ஐஆர்க்யூ என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு எண்ணும் தெரிகின்றன. உடனே அக்கம்பக்கத்தில் இருக்கும் 'லினக்ஸ் தெரிந்த' ஆசாமி என்ன சொல்வார்? "கிரப்-ல போய் நோஏபிக் போடு. கேட்கலேன்னா ஏசிபிஐ=ஆஃப் போடு. அதுக்கும் மசியலேன்னா பிசிஐ=நோஎம்எஸ்ஐ, ஐஆர்க்யூபோல் எல்லாத்தையும் சேர்த்துப் போடு. ஏதாவது ஒண்ணு வேலை செய்யும்!"

ஏதாவது ஒன்று வேலை செய்யவும் செய்கிறது. கேடே அதில்தான் இருக்கிறது. காய்ச்சல் தானாக இறங்கினாலும் பெயர் தாயத்துக்குத்தான் போகும். எந்த வார்த்தை எதை நிறுத்தியது, எதற்காக நிறுத்தியது, அதற்கு என்ன விலை என்று கேட்பார் இல்லை. கணினி ஓடுகிறதா, ஓடுகிறது, போய் வேலையைப் பார்!

இந்தப் பழக்கம் சோம்பேறித்தனம் மட்டுமல்ல, தீங்கும்கூட. இந்தத் தாயத்துகளில் இரண்டு, எந்த நோய்க்குக் கட்டப்படுகின்றனவோ அந்த நோயையே வளர்க்கக்கூடியவை. மற்றவை நோயை மறைப்பவை. அதைவிட மோசம், ஒரு கணினியில் கிடைத்திருக்க வேண்டிய தடயத்தை அழித்து, அதே மாடலை வாங்கிய மற்ற எல்லோருக்கும் கிடைத்திருக்கக்கூடிய தீர்வையும் சேர்த்து அழிப்பவை. இது வெறும் வசவு அல்ல என்று காட்ட, கொஞ்சம் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்டரப்ட் என்பது காலிங் பெல். கீபோர்டில் ஒரு பொத்தான் அழுந்தியது, நெட்வொர்க் கார்டுக்கு ஒரு பொட்டலம் வந்தது, வட்டு கேட்ட தகவலைப் படித்து முடித்தது - இப்படி ஏதாவது நடந்தால் அந்தச் சாதனம் மணி அடிக்கிறது. பிராசஸர் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, அந்தச் சாதனத்தின் டிரைவரைக் கூப்பிட்டு கவனிக்கச் சொல்கிறது. எந்த மணி என்று அடையாளம் காட்டும் எண்தான் ஐஆர்க்யூ.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இந்த மணிகளை மேய்க்க 8259ஏ என்ற ஒரே ஒரு சிப் இருந்தது. அதற்கு 8 கம்பிகள். 1984இல் வந்த ஏடி மாடலில் இன்னொரு 8259ஏவைச் சேர்த்தார்கள். இரண்டாவது சிப்பை முதல் சிப்பின் 2ஆம் கம்பியில் மாட்டியதால் 16இல் ஒன்று போய் 15 மிச்சம். கடிகாரத்துக்கு 0, கீபோர்டுக்கு 1, சீரியல் போர்ட்டுகளுக்கு 3, 4, ஃபிளாப்பிக்கு 6, பிரின்டருக்கு 7, வட்டுகளுக்கு 14, 15 என்று பங்கு பிரித்த பிறகு, புதிதாக வாங்கும் சவுண்ட் கார்டுக்கும் மோடத்துக்கும் நெட்வொர்க் கார்டுக்கும் கிடைத்தது சில எண்கள்தான். அந்தக் காலத்து ஐஎஸ்ஏ கார்டுகளில் குட்டி ஜம்பர்களைப் பிடுங்கி மாட்டி எண்ணை மாற்ற வேண்டும். இரண்டு கார்டு ஒரே எண்ணில் உட்கார்ந்தால் இரண்டும் படுத்துக்கொள்ளும். ஐஎஸ்ஏ கம்பியைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கவே இல்லை. ஐஆர்க்யூ மோதல் என்ற சொல்லுக்கு அசல் அர்த்தம் அதுதான்.

1992இல் பிசிஐ வந்தபோது கணக்கு மாறியது. பிசிஐயில் ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் விதியே எழுதப்பட்டது. ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். வாசலில் ஒரே மணி, உள்ளே நாலு குடித்தனம். வந்தவர் மணியின் மேல் வைத்த விரலை யாராவது வந்து கவனிக்கும் வரை எடுக்க மாட்டார். மணி அடித்ததும் நாலு வீட்டாரும் எட்டிப் பார்ப்பார்கள். மூன்று பேர் 'நமக்கில்லை' என்று திரும்பிப் போவார்கள். நாலாமவர் 'வாங்க மாமா' என்று உள்ளே அழைத்துப்போவார். விரல் எடுக்கப்படும், மணி நிற்கும். இதில் சண்டைக்கு எங்கே இடம்?

ஆகவே முதலில் ஒழிய வேண்டிய மூடநம்பிக்கை இது. 16ஆம் எண்ணில் யுஎஸ்பி, கிராஃபிக்ஸ், சவுண்ட் மூன்றும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் 'ஆகா, கான்ஃப்ளிக்ட்!' என்று குதிப்பது. அது மோதல் அல்ல, குடித்தனம். பிசிஐ உலகில் சிக்கல் வருவது வேறு இடத்தில். மணி அடிக்கிறது, நாலு வீட்டாரும் எட்டிப் பார்க்கிறார்கள், நாலு பேருமே 'நமக்கில்லை' என்கிறார்கள், மணியோ நிற்கவில்லை. அப்போதுதான் வீடு ரணகளம் ஆகிறது.

லினக்ஸ் கெர்னல் இந்த நிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? 2003 வரை கண்டுபிடிக்க வழியே இல்லாமல் இருந்தது. இன்டரப்டைக் கவனிக்கும் டிரைவர் பகுதி எந்தப் பதிலும் சொல்லாமல் திரும்பிவிடும். அந்த ஆண்டு, 2.5 வரிசைக் கெர்னல் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு டிரைவரும் 'கவனித்தேன்' அல்லது 'எனக்கில்லை' என்று பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று மாற்றினார்கள். நூற்றுக்கணக்கான டிரைவர்களைத் தொட வேண்டியிருந்த மாற்றம் அது. அதன் பலனாக இன்று கெர்னல் கணக்கு வைக்கிறது. ஒரு கம்பியில் வந்த 1,00,000 இன்டரப்டுகளில் 99,900க்கு மேல் யாரும் பொறுப்பேற்கவில்லை என்றால், 'நோபடி கேர்டு' - யாரும் சீந்தவில்லை - என்று ஒரு செய்தியை எழுதிவிட்டு அந்தக் கம்பியையே துண்டித்துவிடுகிறது. துண்டிக்காவிட்டால் பிராசஸர் மணிச் சத்தத்துக்கு ஓடி ஓடியே செத்துப்போகும்.

வீட்டுக்காரர் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். சரி, ஆனால் உள்ளே இருக்கும் மற்றக் குடித்தனங்களின் விருந்தாளிகள்? அவர்கள் அடித்தாலும் இனிக் கேட்காது. கெர்னலுக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு. துண்டித்த கம்பியில் யாராவது நிற்கிறார்களா என்று வினாடிக்குச் சுமார் 10 முறை கதவைத் திறந்து பார்க்கிறது. பிராசஸரின் கணக்கில் அது யுகத்துக்கு ஒரு முறை. மவுஸ் நொண்டுவதும் பாட்டு விக்குவதும் இதனால்தான். அந்தக் கம்பியில் வட்டின் கன்ட்ரோலர் இருந்தால் நிலைமை வேடிக்கையாக இருக்காது. காத்திருந்து காத்திருந்து கோரிக்கைகள் காலாவதியாகி, கோப்பமைப்பு எழுத முடியாத நிலைக்குப் போய், செமஸ்டர் புராஜெக்ட் பாதியில் தொங்கும்.

'நோபடி கேர்டு' செய்தியின் அடியில் சில டிரைவர்களின் பெயர்கள் வரும். பார்ப்பவர்கள் அதைக் குற்றவாளிப் பட்டியல் என்று நினைத்துவிடுகிறார்கள். யுஎஸ்பி டிரைவரின் பெயர் இருந்தால் 'லினக்ஸில் யுஎஸ்பி சரியில்லை' என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். உண்மையில் அது எட்டிப் பார்த்து 'நமக்கில்லை' என்று சொன்னவர்களின் பட்டியல். அவர்களில் ஒருவர் பொய் சொல்லியிருக்கலாம், அதாவது டிரைவரில் பிழை இருக்கலாம். ஆனால் மணியை அடித்த ஆசாமி அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் போவதும் உண்டு. டிரைவரே ஏற்றப்படாத ஒரு சாதனம், யாரும் குடியிருக்காத வீட்டின் விருந்தாளியைப் போல, விரலை எடுக்காமல் நின்றுகொண்டிருக்கும்.

இப்போது தாயத்துகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

நோஏபிக். (முதலில், ஏபிக் வேறு, ஏசிபிஐ வேறு. எழுத்து இடம் மாறினால் மருந்தே மாறிவிடும். இதைக்கூடக் கவனிக்காமல் எழுதிக்கொடுப்பவர்கள் ஏராளம்.) பழைய 8259ஏவின் 15 கம்பிகள் போதாமல் வந்ததுதான் ஐஓ-ஏபிக் என்ற சிப். வழக்கமாக 24 கம்பிகள். பழைய சாதனங்களுக்கு 0 முதல் 15 வரை விட்டுவிட்டு, பிசிஐ சாதனங்களை 16இலிருந்து 23 வரை பரப்பி வைக்கலாம். கெர்னல் செய்திகளில் 16, 17, 18 என்ற எண்கள் அடிக்கடி தலைகாட்டுவதன் ரகசியம் இதுதான். நோஏபிக் போட்டால் இந்த 24 போய், மறுபடி 1984ஆம் வருடத்து ஏற்பாட்டுக்குத் திரும்புகிறது கணினி. எட்டுக் கம்பியில் இருந்த பிசிஐ சாதனங்கள் 10, 11 என்று மிச்சம் கிடக்கும் இரண்டு மூன்று கம்பிகளில் அடைக்கப்படும். நெரிசலுக்கு வைத்தியம் என்று சொல்லி, நாலு வீட்டுக்காரர்களை ஒரே அறையில் தள்ளிப் பூட்டுவதற்குப் பெயர் வைத்தியமா?

பிசிஐ=நோஎம்எஸ்ஐ. பிசிஐ எக்ஸ்பிரஸ் காலத்தில் கம்பியே தேவையில்லை. சாதனம் ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியில் ஒரு எண்ணை எழுதினால் அதுவே இன்டரப்ட். எம்எஸ்ஐ என்பது இதுதான். ஒவ்வொரு சாதனத்துக்கும் சொந்த மணி, தேவைப்பட்டால் ஒரே சாதனத்துக்குப் பல மணிகள். பகிர்வு என்ற பேச்சே இல்லை. இதை நிறுத்தினால் சொந்த மணி வைத்திருந்தவர்கள் எல்லாரும் பழைய பொது மணிக்குத் திரும்பி வருகிறார்கள். பகிர்வே இல்லாத இடத்தில் பகிர்வைக் கொண்டுவந்து வைக்கிறது இந்தத் தாயத்து! எம்எஸ்ஐயைத் தப்பாகச் செயல்படுத்திய சாதனங்கள் சில இருக்கின்றன, அவற்றுக்கு இது பொருந்தும். அந்த ஒரு சாதனத்துக்காக ஊரில் எல்லோருடைய மணியையும் பிடுங்குவதுதான் அபத்தம்.

ஏசிபிஐ=ஆஃப். இது தலைவலிக்குத் தலையை எடுப்பது. எந்தச் சாதனத்தின் கம்பி எந்த எண்ணுக்குப் போகிறது என்ற வரைபடத்தை மதர்போர்டு தயாரிப்பாளர் ஏசிபிஐ அட்டவணைகளில் எழுதிவைக்கிறார். அந்த வரைபடம் தப்பாக இருந்தால், அதைப் படிக்காமல் இருப்பதால் பிரச்சினை மறைவது உண்மைதான். ஆனால் அதே அட்டவணைகளில்தான் பிராசஸர்கள் எத்தனை, பேட்டரி எவ்வளவு, சூட்டை எப்படி அளப்பது, எப்படி அணைப்பது எல்லாம் இருக்கின்றன. அதை மூடிவிட்டால் நாலு கோர் கணினி ஒற்றைக் கோரில் ஓடுவதும், லேப்டாப்பில் பேட்டரி அளவு காணாமல் போவதும், ஷட்டவுன் கொடுத்தால் அணையாமல் நிற்பதும் சகஜம். புதிய கணினிகள் பல பூட்டே ஆகாது. 'லினக்ஸ் போட்டால் லேப்டாப் சூடாகிறது' என்று புலம்புகிறவர்கள், முதலில் தங்கள் கிரப் வரியில் யாராவது இதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்த்தால் நல்லது.

ஐஆர்க்யூபோல். யாரும் பொறுப்பேற்காத மணி அடித்தால், அந்தக் கம்பியில் இல்லாத டிரைவர்களையும் எழுப்பிக் கேட்பது, கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு எல்லோரையும் விசாரிப்பது. படுமோசமான பயாஸ் உள்ள கணினியை எப்படியாவது ஓட்டுவதற்கு என்றுதான் கெர்னல் ஆவணமே இதைப் பற்றிச் சொல்கிறது. 'நோபடி கேர்டு' செய்தியில் கெர்னலே இதைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறதே என்று சிலர் கேட்பார்கள். சொல்கிறதுதான். போட்டுப் பார்த்துச் சிக்கல் தீர்ந்தால், மணி தப்பான எண்ணில் அடிக்கிறது என்று ஒரு தகவல் கிடைத்தது. அந்தத் தகவலை வைத்து அடுத்த அடி எடுக்க வேண்டும். அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருந்தால் போதுமா, என்னதான் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அல்ல.

1. எதையும் மாற்றும் முன் சாட்சியத்தை எடுத்துவைக்க வேண்டும். கெர்னல் செய்திகளை டிமெஸ்ஜி கட்டளையால் ஒரு கோப்பில் சேமிக்கலாம். கணினி உறைந்து திரும்பத் தொடங்கியிருந்தால், சிஸ்டம்டி உள்ள இன்றைய விநியோகங்களில் முந்தைய பூட்டின் செய்திகளை ஜர்னல்சிடிஎல் மூலம் எடுக்க முடியும், அவற்றை வட்டில் சேமிக்கும்படி அமைத்திருந்தால்.

2. ப்ராக் அடைவில் இருக்கும் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் எண், ஒவ்வொரு பிராசஸருக்கும் வந்த எண்ணிக்கை, எந்த வகை, யார் யார் குடித்தனம் எல்லாம் இருக்கும். ஒரு முறை பார்த்தால் போதாது. சில வினாடி இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். எந்த எண் தறிகெட்டு ஏறுகிறது? பூட் ஆனதிலிருந்தே பிரச்சினை என்றால், 1,00,000ஐ ஒட்டி வந்து அப்படியே நின்றுபோன ஒரு எண்ணிக்கை கண்ணில் படலாம். துண்டிக்கப்பட்ட கம்பி அதுதான்.

3. ரூட் அனுமதியோடு எல்எஸ்பிசிஐ கட்டளையை இரண்டு 'வி' போட்டு ஓட்டினால், ஒவ்வொரு சாதனத்தின் நிலை வரியிலும் ஐஎன்டிஎக்ஸ் என்ற சொல்லும் பக்கத்தில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் குறியும் இருக்கும். கூட்டல் என்றால் அந்தச் சாதனம் இன்டரப்ட் நிலுவையில் வைத்திருக்கிறது. அதாவது விரல் மணியின் மேல் இருக்கிறது! மேலே கன்ட்ரோல் வரியில் டிஸ்ஐஎன்டிஎக்ஸ் கழித்தலாக இருந்தால் ஒயரும் பிடுங்கப்படவில்லை. பலமுறை ஓட்டியும் ஒரே சாதனம் இப்படியே நின்றால் சந்தேகம் அதன்மேல் விழ வேண்டும். ஒரு எச்சரிக்கை: டிரைவர் இல்லாத சாதனத்துக்கு இந்தக் கட்டளை காட்டும் ஐஆர்க்யூ எண், பயாஸ் எழுதிவைத்த பழைய எண்ணாக இருக்கலாம். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

4. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அந்தக் கம்பியில் இருக்கும் டிரைவர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கலாம். பயாஸில் தேவையில்லாத சீரியல் போர்ட், பேரலல் போர்ட், ஃபயர்வயர் போன்றவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். மேசைக் கணினி என்றால் கார்டை வேறு ஸ்லாட்டில் மாட்டலாம். பிசிஐ ஸ்லாட்டுகளில் கம்பிகள் சுழற்சி முறையில் மாற்றி மாற்றி இணைக்கப்பட்டிருப்பதால், இடம் மாறினால் கம்பியும் மாற வாய்ப்பு உண்டு. இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

5. பயாஸுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு கெர்னல் பதிப்பு உள்ள லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து பார்க்க வேண்டும். பழைய கெர்னலில் ஓடி, புதியதில் ஓடாவிட்டால் குற்றம் எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிட்டது.

6. கடைசியில்தான் அந்த நாலு வார்த்தைகள். அதுவும் ஒவ்வொன்றாக, சோதனையாக. நோஎம்எஸ்ஐயால் சரியானால் எம்எஸ்ஐ பக்கம் தேட வேண்டும். ஏசிபிஐயை அணைத்தால்தான் சரியாகிறது என்றால் அட்டவணைகளின் பக்கம் தேட வேண்டும். மருந்தாகக் கொடுத்தால் கெடுதல் செய்யும் அதே வார்த்தைகள், சோதனையாகச் செய்தால் உபயோகமானவை.

இதற்கு எதிராக வழக்கமாக மூன்று வாதங்கள் வரும்.

'எல்லோரும் கெர்னல் எழுதுகிறவர்களா என்ன?' இல்லை. ஆனால் மேலே சொன்ன ஆறு அடிகளில் ஒரு வரி சி நிரல்கூட இல்லை. தெர்மாமீட்டரைப் படிக்க எம்பிபிஎஸ் தேவையில்லை. கணினிப் பாடத்தில் 8259ஏவின் பின் வரைபடத்தை மனப்பாடம் செய்து பதினாறு மதிப்பெண் வாங்கும் மாணவர், தன் மேசையில் இருக்கும் கணினியின் இன்டரப்ட் பட்டியலை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காமல் பட்டம் வாங்குவதைவிடக் கொடுமை வேறு உண்டா?

'இப்போதைய கணினிகளில் எல்லாம் எம்எஸ்ஐதான், இது செத்துப்போன பிரச்சினை.' பாதி உண்மை. ஆனால் பல இன்டெல் கணினிகளில் ஐ801 எஸ்எம்பஸ் போன்ற சாதனங்கள் இன்னும் பழைய வழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லேப்டாப்களில் ஏசிபிஐக்கே உரிய இன்டரப்ட் கட்டுக்கடங்காமல் அடித்து, ஒரு கோரை முழுசாகத் தின்று, மின்விசிறியை ஓயாமல் கத்த வைப்பதும் நடக்கிறது. அங்கேயும் ஏசிபிஐ=ஆஃப் தாயத்துதான் முதலில் நீட்டப்படுகிறது. சிஸ் அடைவுக்குள் ஃபர்ம்வேர், ஏசிபிஐ, இன்டரப்ட்ஸ் என்று போனால் எந்த நிகழ்வு எத்தனை முறை அடித்தது என்று பட்டியலே இருக்கிறது. தறிகெட்ட அந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லி நிறுத்தலாம். ஒரு குழாய் ஒழுகுகிறது என்பதற்காக ஊரின் தண்ணீர் தொட்டியை உடைக்க வேண்டியதில்லை. மேலும், பழைய கணினியை வைத்துக்கொண்டு லினக்ஸ் கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது சாகவில்லை.

'நாளைக்குப் பரீட்சை, இன்றைக்குக் கணினி ஓட வேண்டும்.' இது ஒன்றுதான் மதிக்க வேண்டிய வாதம். ரத்தம் கொட்டும்போது துணியை இறுக்கிக் கட்டுவது சரி. கட்டிய துணியோடு ஆறு வருடம் திரிவதுதான் தப்பு. அவசரத்துக்கு ஒரு வார்த்தையைச் சேர்க்கிறவர், அதே கிரப் கோப்பில் அதன் மேல் வரியில், எந்தத் தேதியில் எந்தச் செய்தியைப் பார்த்து இதைச் சேர்த்தார் என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தால் போதும். பரீட்சை முடிந்ததும் திரும்ப வர ஒரு வழி இருக்கும்.

தாயத்து மறைப்பது யாரை என்றும் கேட்க வேண்டும். பல நேரம் அது மறைப்பது கணினியை விற்றவர்களை. 2011ஐ ஒட்டிப் பல மதர்போர்டுகளில் ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம்1083 என்ற சிப் இருந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸுக்கும் பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கும் நடுவில் பாலமாக நிற்பது அதன் வேலை. பிசிஐ எக்ஸ்பிரஸில் நிஜக் கம்பி கிடையாது. விரல் வைத்தால் ஒரு செய்தி, விரலை எடுத்தால் இன்னொரு செய்தி. இந்தப் பாலம் விரல் எடுத்த செய்தியைச் சில நேரம் மறுபக்கம் சேர்ப்பதில்லை. கார்டு மணியை விட்டுவிட்டது, கெர்னலுக்கோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. விளைவு, நம் பழைய நண்பர் 'நோபடி கேர்டு'. கார்டு நல்லது, டிரைவர் நல்லது, கெர்னல் நல்லது. பாலம்தான் ஓட்டை. நாலு தாயத்தையும் ஒன்றாகக் கட்டினாலும் சிலிக்கானில் இருக்கும் பிழை சரியாகாது. அந்த ஸ்லாட்டைத் தவிர்ப்பதுதான் வழி. அதைத் தெரிந்துகொண்டவர் தப்பித்தார். தெரியாதவர் நல்ல சவுண்ட் கார்டைத் தூக்கி எறிந்திருப்பார், அல்லது லினக்ஸைத் தூக்கி எறிந்திருப்பார்.

ஏசிபிஐ கதை இன்னும் சுவாரஸ்யம். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து முதல் பதிப்பை வெளியிட்டன. 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய ஒரு மின்னஞ்சல் பின்னாளில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் சாட்சியமாக வெளிவந்தது. இவ்வளவு பாடுபட்டுச் செய்வதன் பலனை லினக்ஸும் நோகாமல் அனுபவிக்கிறதே, ஏசிபிஐ விரிவாக்கங்களை விண்டோஸுக்கு மட்டும் உரியதாக்க வழியில்லையா என்பது அதன் சாரம். அந்த யோசனை நிறைவேற்றப்பட்டது என்பதற்கு அந்த மின்னஞ்சல் சான்றாகாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டுப் பெட்டியை மூடினாலே அதே பலன் கிடைத்துவிடும். பயாஸ், 'நீ எந்த இயங்குதளம்?' என்று கேட்டால் லினக்ஸ் கெர்னல் தன் பெயரைச் சொல்வதில்லை. 2007இலேயே அந்தப் பதிலை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸுக்குரிய கேள்விகளுக்குத்தான் 'ஆமாம்' என்கிறது. சொந்தப் பெயரைச் சொன்னால், யாரும் சோதித்தே பார்க்காத பாதையில் பயாஸ் இழுத்துப்போகும் என்ற பயம். சொந்த வீட்டுக்குள் நுழைய மாறுவேடம் போட வேண்டிய நிலை!

இந்த நிலையை மாற்ற ஒரே ஆயுதம் தகவல். கெர்னலுக்குள், இன்ன தயாரிப்பாளரின் இன்ன மாடல் என்றால் இதை இப்படிச் செய் என்று நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பல, எங்கோ ஒருவர் தன் கணினி நின்றுபோனபோது எரிச்சலை அடக்கிக்கொண்டு, செய்திகளைச் சேமித்து, இன்டரப்ட் பட்டியலை இணைத்து, மாடல் பெயரோடு ஒரு பிழை அறிக்கை அனுப்பியதால் வந்தவை. அந்த ஒருவரால் அதே மாடலை வாங்கிய ஆயிரக்கணக்கானவர்களின் கணினி, அவர்களுக்கே தெரியாமல், முதல் பூட்டிலேயே ஒழுங்காக ஓடுகிறது. அவர் அன்றைக்கு ஏசிபிஐ=ஆஃப் போட்டுவிட்டுத் தூங்கப் போயிருந்தால்? அவர் கணினி மட்டும் பாதி உயிரோடு ஓடியிருக்கும். மற்ற ஆயிரம் பேரும் ஆளுக்கொரு இரவு கண்விழித்து, ஆளுக்கொரு தாயத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். தயாரிப்பாளர் நிம்மதியாக அடுத்த மாடலிலும் அதே தப்பான அட்டவணையை ஒட்டி விற்றிருப்பார்.

அதனால் 'லினக்ஸ் தெரிந்தவர்' என்று பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. அடுத்த முறை ஜூனியர் ஒருவர் உறைந்துபோன கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாயில் முதலில் வர வேண்டியது 'நோஏபிக் போடு' அல்ல. 'இன்டரப்ட்ஸ் கோப்பில் என்ன இருக்கிறது, திறந்து காட்டு' என்பதுதான். அந்த ஜூனியருக்கு அதைத் திறக்கத் தெரியாவிட்டால், ஐந்து நிமிடம் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கலாம். ஏற்கெனவே கட்டிய தாயத்துகள் கிரப் வரியில் தொங்கிக்கொண்டிருந்தால், அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுப் பூட் செய்து பார்ப்பதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமை போதும்.